சைகடெலிக் ராக்: 'மருட்கை ராக்' என்றால் என்ன குறை?

வணக்கம்.

சைகடெலிக் ராக் என்னும் இசைவகைக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சுக்கு என் பங்கு இது. 'போதை ராக்' வேண்டவே வேண்டாம். அந்த வகையில் பேர்போன பிரிட்டிஷ் இசைக்குழு பிங்க் ஃபிளாய்டின் முதல் ஆல்பத்தைப் பற்றி எழுதும்போதே அந்தச் சொல் காலை வாரிவிடும். 1967 ஆகஸ்டில் வந்த 'தி பைப்பர் அட் த கேட்ஸ் ஆஃப் டான்' என்ற தலைப்பே கென்னத் கிரகாமின் சிறுவர் நாவலில் ஓர் அத்தியாயத்தின் பெயர். குழுவின் பாடகர் சிட் பாரெட் எழுதிய பாட்டுகளில் குள்ளபூதம், சோளக்கொல்லைப் பொம்மை, சயாமியப் பூனை எல்லாம் வரும். கடைசிப் பாட்டில் ஒருவன் இரவல் சைக்கிளைக் காட்டி ஒரு பெண்ணிடம் பீற்றிக்கொள்கிறான். இதில் போதையை எங்கே தேடுவது?

'உளவெளிப்பாட்டு ராக்' வேர்ச்சொல்லுக்கு நேர்தான். ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் 1950களில் உள்ளம், தெளிவாகத் தெரிவது என்னும் பொருளுள்ள இரு கிரேக்கச் சொற்களை ஒட்டித்தான் 'சைகடெலிக்'கை உண்டாக்கினார். ஆனால் அது ஒரு மனநல மருத்துவர், மனநிலையை மாற்றும் எல்.எஸ்.டி. போன்ற மருந்துகளுக்கு வைத்த பெயர். சுருக்கி 'உளவிசை' என்றாலோ உளவுத்துறையின் பேண்டு வாத்தியம்தான் நினைவுக்கு வருகிறது!

என் தேர்வு 'மருட்கை'. தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளில், ஒன்று; பொருள் வியப்பு. புதுமை, பெருமை (மிகப் பெரியது), சிறுமை (மிகச் சிறியது), ஆக்கம் என நான்கிலிருந்து அது பிறக்கும் என்கிறது நூற்பா. ஆல்பத்தைப் போட்டுக் கேளுங்கள். 'இன்டர்ஸ்டெல்லர் ஓவர்டிரைவ்' பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு, பாடல் வரி கிடையாது. கிட்டார் படிப்படியாகக் கீழிறங்கும் மெட்டில் தொடங்கி, தாளம் கலைந்து, எங்கெங்கோ அலைந்து அதே மெட்டுக்குத் திரும்புகிறது. ஸ்டீரியோ பதிப்பின் முடிவில் ஒலி இடக்காதுக்கும் வலக்காதுக்கும் ஊசலாடும். இது பெருமை. குள்ளபூதம் சிறுமை. சைக்கிள் பாட்டு ஓய்ந்ததும் கடிகாரங்களும் மணிகளும் அடித்து, வாத்துக் கத்தலா சிரிப்பா என்று பிடிபடாத ஓர் ஒலி வருகிறதே, அது ஆக்கம்: ஒன்று வேறொன்றாய்த் திரிவது. அட்டையிலும் அதே வேலைதான். பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் கொடுத்த பட்டக லென்ஸ் வழியாக விக் சிங் எடுத்த படத்தில் குழுவினர் நான்கு பேரின் முகங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருகிக் கிடக்கும்.

இன்று மருள் என்றால் மயக்கம்தானே என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆமாம், அந்த நிழலும் இங்கே வேண்டியதுதான். ராக் ராக்காகவே இருக்கட்டும். ராக்கைப் 'பாறையிசை' என்று தமிழாக்கி எழுதியவர் மன்னிக்க. மருந்துக்கும் இதே சொல்லா என்பதை மருத்துவர்கள் தீர்க்கட்டும்.

'மருள் ராக்' என்று குறுக்கலாமா? எனக்கு அது பேய்ப்படப் பின்னணி போலக் கேட்கிறது. உங்களுக்கு?