முகத் தூக்கல் சத்திரசிகிச்சை: மாக்ஸ் முறையா, ஆழ்தள முறையா?

பண்டாரவளை டீச்சர்

வணக்கம். எனக்கு 58 வயது; பிரஷருக்கு மாத்திரை எடுத்து வருகிறேன். உடம்பு மெலிந்த பிறகு தாடையோரச் சதை தொங்கிவிட்டது; கழுத்தின் முன்பக்கத்தில் இரண்டு பட்டைகள் கயிறுபோல் புடைத்து நிற்கின்றன. கொழும்பில் இரண்டு நிபுணர்களிடம் ஆலோசனை பெற்றேன். காதுக்கு முன்னால் மட்டும் வெட்டி, உள்ளே தையலிட்டுத் தூக்கிக் கட்டும் மாக்ஸ் முறையே போதும், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்கிறார் ஒருவர். மற்றவரோ டீப் பிளேன் எனப்படும் ஆழ்தள முறைதான் எனக்குப் பொருந்தும் என்று சொல்லி, ஏறத்தாழ இரு மடங்கு செலவைக் கூறுகிறார். இணையத்தில் தேடினால், டீப் பிளேன் தவிர மற்றவை எல்லாம் காலாவதியானவை என்பதுபோல் எழுதியிருக்கிறார்கள். இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்ற கேள்விக்கு வீட்டில் ஏற்கெனவே பதில் சொல்லி முடித்துவிட்டேன். முறைகளைப் பற்றி அறிந்தவர்கள் மட்டும் விளக்கினால் நன்றியுடையவளாவேன்.

ஹட்டன் தாதி (ஓய்வு)

டீச்சர், முதலில் எந்த அடுக்கைத் தூக்குகிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். தோலுக்கும் அதன் கீழுள்ள கொழுப்புக்கும் அடியில், முகத் தசைகளைப் போர்த்தியிருக்கும் நார்த்தன்மையான ஒரு படலம் உண்டு. 1976இல் மிட்ஸ், பெய்ரோனி என்ற இருவர் அதனை விவரித்தார்கள்; வைத்தியர்கள் அதை எஸ்மாஸ் என்பார்கள். தொய்வு பெரும்பாலும் அந்த ஆழத்தில் இருக்கும்போது தோலை மட்டும் இழுத்துத் தைப்பது, உள்பாவாடை நாடா தளர்ந்திருக்க மேலே சேலையை மட்டும் இழுத்துச் செருகுவது போன்றது. பாரம் முழுவதும் தோலிலேயே விழுவதால் தழும்பு அகன்றுவிடும், காதுமடல் கீழே இழுபடும், பலனும் நிலைக்காது.

மாக்ஸ் முறை பெல்ஜியத்தைச் சேர்ந்த டொனார்ட், வெர்பேல் ஆகியோருடையது. எஸ்மாஸ் படலத்தைப் பிரித்தெடுக்காமல், சுருக்குப்பை வாயைச் சுற்றி ஓடும் நூலைப்போலத் தையலிட்டு, நெற்றிப்பொட்டிலுள்ள உறுதியான திசுவில் செங்குத்தாகக் கட்டிவிடுவார்கள். காதுக்குப் பின்னால் வெட்டு இல்லாததால் ஆறுவதும் விரைவு. ஆனால் பின்வெட்டு இல்லை என்பதாலேயே கழுத்தில் மிகுந்து கிடக்கும் தோலை அகற்ற வழி குறைவு. நீங்கள் சொல்லும் கழுத்துப் பட்டைகளுக்கு எந்த முறையைத் தேர்ந்தாலும் நாடிக்குக் கீழே தனியாக ஒரு சிறு வெட்டு வைத்து அந்தத் தசையைச் சேர்த்துத் தைக்க வேண்டி வரலாம். முதலாம் நிபுணர் இதைப்பற்றி ஏதாவது சொன்னாரா?

ஆழ்தள முறையை 1990இல் ஹம்ரா என்ற அமெரிக்கர் வெளியிட்டார். இதில் கன்னப்பகுதியில் தோலையும் எஸ்மாஸையும் பிரிக்காமல் ஒரே மடலாக எடுத்து, கன்ன எலும்பிலிருந்தும் மெல்லும் தசையிலிருந்தும் அவற்றைப் பிடித்திருக்கும் இணைநார்களை அறுத்துவிட்டு மேலே நகர்த்துவார்கள். தோலில் இழுவிசை இருக்காது, இரத்த ஓட்டமும் நன்றாகக் காக்கப்படும். ஆனால் கத்தி போகும் இடத்துக்குச் சற்றுக் கீழேதான் முக நரம்பின் கிளைகள் ஓடுகின்றன. அடிக்கடி செய்து பழகிய கையா என்று கேட்காமல் சம்மதப் பத்திரத்தில் ஒப்பமிட வேண்டாம்.

கம்பளை வாசகன்

மேலேயுள்ள விளக்கம் சரியானதே. எனினும் ஆழ்தளம் என்றாலே மேலானது என்ற விளம்பரத்தை நம்பத் தேவையில்லை. 1996இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே முகத்தின் ஒரு பக்கத்தில் வழமையான எஸ்மாஸ் முறையையும் மறுபக்கத்தில் விரிவான ஆழ முறையையும் செய்து பார்த்தார்கள். ஒரு வருடம் கழித்தும் இரு பக்கங்களுக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அந்த ஆய்வு சிறியது, அதன் பின்னர் ஆழ்தள முறையும் மாறியிருக்கிறது என்பது உண்மைதான். ஆனாலும் இரு மடங்கு பணம் கொடுப்பதற்கு முறையின் பெயர் மட்டும் காரணமாக முடியாது. அந்த வைத்தியர் சிகிச்சையளித்தவர்களின் ஒரு வருடத்துக்குப் பிந்திய படங்களைக் கேளுங்கள். மூன்றாம் மாதத்துப் படத்தில் வீக்கமும் கொஞ்சம் ஒத்தாசை செய்யும்.

நுவரெலியா மகள்

என் அம்மா எஸ்மாஸ் படலத்தை மடித்துத் தைக்கும் முறையில் செய்துகொண்டார். தாடைக்கோடு இன்றும் நன்றாக இருக்கிறது. காதுமடல் மட்டும் பல மாதங்கள் மரத்துக் கிடந்தது. தோடு போட்டிருப்பதே தெரியவில்லை என்பார். காதுக்குச் செல்லும் தொடுவுணர்வு நரம்பு கழுத்தின் பக்கவாட்டில் மேலாக ஓடுவதால் இது எந்த முறையிலும் நேரக்கூடியது என்று வைத்தியர் விளக்கினார். உங்களுக்குக் காது குத்திய இடத்திலோ தடுப்பூசி போட்ட இடத்திலோ தழும்பு தடித்து வளர்ந்திருந்தால், அதை முதலிலேயே காட்டிவிடுங்கள்.

பண்டாரவளை டீச்சர்

அனைவருக்கும் நன்றி. கழுத்தைப்பற்றி முதலாம் நிபுணர் எதுவும் பேசவில்லை; மீண்டும் கேட்பேன். அன்றைக்கே வீடு திரும்பலாம் என்பது சரியா?

ஹட்டன் தாதி (ஓய்வு)

உங்களுக்குச் சரிவராது. இந்தச் சிகிச்சையில் அதிகம் காணப்படும் சிக்கல் தோலுக்கடியில் இரத்தம் தேங்குவது. அது பெரும்பாலும் முதல் 24 மணித்தியாலங்களுக்குள் வரும், பிரஷர் உள்ளவர்களுக்கு அபாயம் கூடுதல். கொழும்பிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீற்றர் பயணம். ஹல்தும்முல்லை வளைவுகளில் ஒருமுறை வாந்தியெடுத்தாலே முகத்தில் இரத்த அழுத்தம் ஏறும். ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் உடனே தையலைத் திறந்து இரத்தத்தை வெளியேற்ற வேண்டும். அதற்கு அந்த வைத்தியர் அருகில் இருக்க வேண்டும். தையல் பிரிக்கும்வரை கொழும்பில் உறவினர் வீட்டில் தங்குங்கள். பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அஸ்பிரின், மீனெண்ணெய் வில்லைகள் எடுப்பவராக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

நம் பக்கத்தவர்கள் மறைத்துவிடும் இன்னொன்று, வெற்றிலையோடு போடும் புகையிலை. சிகரட் குடிப்பதில்லை என்று படிவத்தில் எழுதிவிடுவார்கள், ஆனால் புகையிலையிலுள்ள நிக்கொட்டினும் இரத்தக்குழாய்களைச் சுருக்கும். காதுக்குப் பின்னால் தோல் கறுத்து அழுகிப்போக அதுவே காரணமாகலாம். அந்தப் பழக்கம் இருந்தால் குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன்பே நிறுத்திவிட்டு, பிறகு திகதி குறியுங்கள்.