அப்பாவின் 50 மி.மீ. வில்லையும் இரவுப் படங்களில் விழும் கறுப்புப் பட்டைகளும்

கொக்குவில் வாசகர்:
அனைவருக்கும் வணக்கம். அப்பா தமது நிக்கோன் பிலிம் கமராவில் பயன்படுத்திய 50 மி.மீ. எஃப்/1.8 வில்லையை, இணைப்பு வளையம் ஒன்றின் உதவியுடன் எனது சோனி ஏபிஎஸ்-சி மிரர்லெஸ் கமராவில் பூட்டி, நல்லூர்த் திருவிழாவின்போது வெளிவீதியில் எடுத்த மூன்று படங்களை இங்கே இணைத்திருக்கிறேன். பகலில் எடுத்த முதற்படம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இரவில், கற்பூரச் சட்டி ஏந்தி வரும் அம்மா ஒருவரை எடுத்த மற்ற இரண்டிலுமோ, பின்னாலுள்ள கடைகளின் மேல் கறுப்புப் பட்டைகள் வரிவரியாக விழுந்திருக்கின்றன. கும்பிடுபவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்று சத்தமில்லாத ஷட்டரையே பயன்படுத்தினேன், வேகம் 1/500 நொடி. வில்லை பழுதாகிவிட்டதா? அப்பாவிடம் சொல்வதற்கு முன் கேட்டுத் தெளிய விரும்புகிறேன்.

சுண்டிக்குளி வாசகர்:
தம்பி, வில்லையைக் குறைசொல்ல வேண்டாம். அந்த அம்மாவின் முகத்தையும் கைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள்: கற்பூரத் தீயின் வெளிச்சம் விழுந்த இடத்தில் ஒரு பட்டைகூட இல்லை, கடைகளின் எல்இடி வெளிச்சம் விழுந்த இடத்தில் மட்டுமே இருக்கின்றன. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் தரம் குறைந்த எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 தடவை மங்கித் தெளிகின்றன. சத்தமில்லாத ஷட்டரில் கமரா முழுப் படத்தையும் ஒரே கணத்தில் பதியாமல் மேலிருந்து கீழாக வரிவரியாக வாசிப்பதால், விளக்கு மங்கிய வேளையில் வாசிக்கப்பட்ட வரிகள் கறுத்துவிடுகின்றன. வேகத்தை 1/100 அல்லது 1/50 ஆக வைத்தால் ஒவ்வொரு வரிக்கும் முழுச் சுற்று வெளிச்சம் கிடைக்கும், சத்தமும் எழாது.

பருத்தித்துறை வாசகர்:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அலங்கார விளக்குச் சரங்கள் சில வேறு வேகத்தில் மினுங்குவதால் 1/100 எல்லா இடத்திலும் கைகொடுக்காது. அப்படியான இடத்தில் சாதாரண ஷட்டருக்கு மாறினால் பட்டைகள் பெருமளவு குறையும். மற்றது, விளக்குகளைச் சுற்றி மெல்லிய பனிமூட்டம் போன்ற மங்கல் தெரிகிறது. பழைய வில்லைகள், ஒளி புகும் துவாரத்தை எஃப்/1.8 என முழுதாகத் திறந்தால் இப்படித்தான் நடந்துகொள்ளும், துவாரத்தை எஃப்/2.8 க்குக் குறைத்தால் தெளியும். எனினும் இங்கத்தைய மாரிகாலத்து ஈரத்தில் பூஞ்சணம் பிடிப்பது வழக்கம் என்பதால், துவாரத்தை முழுதாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து ரோச் லைற்றைச் சரித்துப் பிடித்துப் பாருங்கள். சிலந்திவலை போன்ற நூல்கள் தெரிந்தால் அது பூஞ்சணம். தோலுறைக்குள் வைத்திருந்தீர்களானால் இன்றே வெளியே எடுத்து, காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் வையுங்கள்.

கொக்குவில் வாசகர்:
இருவருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு அதே இடத்தில் 1/100, எஃப்/2.8 என வைத்து எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். பட்டைகள் முற்றாக மறைந்துவிட்டன. வளையத்தில் மின்தொடுப்பு இல்லாததால் துவார அளவு படத்தோடு பதிவாகாது. ஆகவே இனி ஒவ்வொரு படத்துக்கும் கீழே கையால் எழுதிவிடுகிறேன். ரோச் வெளிச்சத்தில் ஓரமாக ஒரேயொரு நூல் தெரிந்தது. அப்பாவிடம் காட்டினேன். அது தாம் கமரா தூக்கித் திரிந்த நாட்களிலேயே இருந்தது என்றார்.