தெற்கு சூடான் ஐ.நா. மிஷனில் தன்னார்வ மருத்துவர் பணி: விண்ணப்பிக்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

வைகைக்கரை எழுதியது:

வணக்கம். எம்.பி.பி.எஸ். முடித்து அவசரச் சிகிச்சைப் பிரிவில் 4 வருட அனுபவம், வயது 29. ஐ.நா. தன்னார்வலர் அமைப்பின் தளத்தில், தெற்கு சூடான் அமைதிப்படை மிஷனுக்கு (அன்மிஸ்) மருத்துவர் தேவை என்று போட்டிருக்கிறார்கள். ஊர் பென்டியு. "லெவல் 1 கிளினிக்" என்று இருக்கிறது. உள்நாட்டுப் போரில் வீடிழந்து முகாமில் இருப்பவர்களுக்கு வைத்தியம் பார்க்கும் வேலை என்று புரிந்துகொண்டேன், சரிதானா? என்னென்ன காகிதம் சேர்க்க வேண்டும், நேர்காணலில் என்ன கேட்பார்கள், போவதற்கு முன் எதைப் படித்து வைக்கலாம்? "போனா தெரியும்" மாதிரி பதில் வேண்டாம், கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

கரிசல் எழுதியது:

முதலில் ஒரு திருத்தம் டாக்டர். அது முகாம் மக்களுக்கான கிளினிக் இல்லை. ஐ.நா. ஊழியர்கள், படைவீரர்கள், ஐ.நா. போலீஸ் ஆகியோருக்கானது. முகாமில் இருப்பவர்களைப் பார்ப்பது எம்.எஸ்.எஃப். (எல்லைகளற்ற மருத்துவர்கள்), ஐ.ஓ.எம். (சர்வதேச இடம்பெயர்வு அமைப்பு) போன்ற அமைப்புகள். வெளியாள் ஒருவர் உயிர் ஊசலாடும் நிலையில் வாசலுக்கு வந்தால் பார்க்கலாம், நிலைப்படுத்தி அனுப்பிவைப்பதோடு சரி. தினசரி பார்க்க முடியாது. மருந்து மிஷன் ஆட்களின் தலைக்கணக்குப்படிதான் வருகிறது, எல்லோருக்கும் திறந்துவிட்டால் இரண்டு வாரத்தில் அலமாரி காலி. இந்த வேலையில் ஏமாற்றம் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. மக்களைப் பார்ப்பதுதான் உங்கள் நோக்கம் என்றால் எம்.எஸ்.எஃப்.புக்கு விண்ணப்பியுங்கள், அது வேறு பாதை. தெரிந்தே இதற்குப் போவதில் தப்பில்லை.

லெவல் கணக்கை ஐ.நா. மருத்துவக் கையேடு இப்படிப் பிரிக்கிறது. லெவல் 1: நாளைக்கு 20 வெளிநோயாளிகள், 5 பேரை 2 நாள் வரை படுக்க வைக்கலாம், 60 நாளுக்கான மருந்து. லெவல் 2: நாளைக்கு 3, 4 அறுவை சிகிச்சை, 10 முதல் 20 பேரை 7 நாள் வரை படுக்க வைக்கலாம். லெவல் 3: நாளைக்கு 10 அறுவை, 50 பேரை 30 நாள் வரை. லெவல் 4 என்பது மிஷன் எல்லைக்கு வெளியே, நைரோபி, கம்பாலா போன்ற நகரங்களில் இருக்கும் பெரிய மருத்துவமனை. ஆக உங்கள் கையில் அறுவை அரங்கம் கிடையாது, சி.டி. ஸ்கேன் கிடையாது.

அப்படியானால் என்ன வேலை? காலையில் பி.பி., சுகர், முதுகுவலி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல். பிறகு சமையல்கூடச் சோதனை, குடிநீரில் குளோரின் அளவு, ஓட்டுநர்களுக்கு முதலுதவி வகுப்பு, காலாவதி மருந்துப் பட்டியல். துப்பாக்கிக் காயமே தினமும் வரும் என்று எண்ணிப் போகாதீர்கள். 1948 முதல் அமைதிப்படையில் இறந்தவர்கள் கணக்கைப் பார்த்தால், நோயால் இறந்தவர்களும் விபத்தில் இறந்தவர்களும் தனித்தனியாகவே தாக்குதலில் இறந்தவர்களைவிட அதிகம்.

அதனால் நேர்காணலுக்கு இதைத் தயார் செய்யுங்கள்: மாலை 5 மணி, 48 வயது ஊழியர், நெஞ்சுவலி, ஈ.சி.ஜி.யில் எஸ்.டி. உயர்வு (மாரடைப்பின் அடையாளம்), ஹெலிகாப்டர் மறுநாள் காலைதான். "கேத் லேபுக்கு (இதயக் குழாய் அடைப்பை நீக்கும் கூடம்) அனுப்புவேன்" என்று சொன்னால் அத்தோடு முடிந்தது. மருந்து கொடுக்கக்கூடாத காரணம் எதுவும் இருக்கிறதா என்று கேட்டு, ஆஸ்பிரின் 300, குளோபிடோக்ரெல் 300 மி.கி., ரத்தக்கட்டியைக் கரைக்க எடைக்கேற்ற டெனெக்டிபிளேஸ் (60 கிலோவுக்குக் கீழே 30 மி.கி., அதன்பின் ஒவ்வொரு 10 கிலோவுக்கும் 5 மி.கி. கூட்டி, 90 கிலோவும் அதற்கு மேலும் என்றால் 50 மி.கி.), ரத்தம் உறையாமலிருக்க எனாக்ஸபாரின், டிஃபிப் (இதயத்துக்கு மின் அதிர்ச்சி தரும் கருவி) பேடை ஒட்டிவைத்து இரவு முழுக்க மானிட்டர், இதற்கிடையே மிஷன் தலைமை மருத்துவ அதிகாரிக்கு ஃபோன். கடைசியாகச் சொன்ன அந்த ஃபோனைத்தான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள்.

10-1-2 என்ற விதியையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: காயம்பட்ட 10 நிமிடத்துக்குள் ரத்தப்போக்கும் மூச்சுவழியும் கட்டுக்குள், 1 மணி நேரத்துக்குள் மேம்பட்ட உயிர்காப்பு, 2 மணி நேரத்துக்குள் உயிர்காக்கும் அறுவை.

இனிஷியல் எழுதியது:

காகிதம் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சர்வதேசத் தன்னார்வ நிபுணர் பிரிவுக்கு 27 வயதும் 3 வருட அனுபவமும் வேண்டும், உங்களுக்கு இரண்டும் இருக்கிறது. எம்.பி.பி.எஸ். பட்டம், மாநில மருத்துவக் கவுன்சில் பதிவு, நன்னடத்தைச் சான்று, செல்லுபடியாகும் ஏ.சி.எல்.எஸ். (இதய அவசர உயிர்காப்புப் பயிற்சி), கூடவே ஏ.டி.எல்.எஸ். அல்லது பி.எச்.டி.எல்.எஸ். (இரண்டும் விபத்துக் காயச் சிகிச்சைப் பயிற்சி). ஏ.சி.எல்.எஸ். அட்டை 2 வருடம்தான் செல்லும். விண்ணப்பிக்கும்போது 3 மாதம் மிச்சமிருந்து, கிளம்பும் நாளில் காலாவதி ஆவது சர்வ சாதாரணம். முதலிலேயே புதுப்பித்துவிடுங்கள். அரசுப் பணி என்றால் துறையின் தடையில்லாச் சான்றுக்கு இன்றே மனு போடுங்கள், இருப்பதிலேயே மெதுவாக நகர்வது அதுதான்.

நம்ம ஊர்க்காரர்கள் மாட்டுவது பெயரில். பட்டத்தில் "எஸ். குமார்", பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப்பெயர் கட்டத்தில், கவுன்சில் பதிவில் இனிஷியல் பின்னால். பின்னணி சரிபார்ப்பில் இது மூன்று ஆளாகத் தெரியும். மூன்றும் ஒருவரே என்று நோட்டரி பிரமாணப் பத்திரம் ஒன்று எடுத்து எல்லா ஸ்கேனோடும் சேர்த்து வையுங்கள். ஆன்லைன் படிவத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள், அழகுக்காகச் சுருக்காதீர்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைச் சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டிலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். குறிப்பிட்ட நாட்களில் மட்டும்தான், நாள் கேட்டுக்கொண்டு போங்கள். அட்டை ஊசி போட்ட 10-ஆம் நாளிலிருந்துதான் செல்லும். 2016 ஜூலை முதல் ஆயுள் முழுக்கச் செல்லுபடி. அட்டை இல்லாமல் இந்தியா திரும்பினால் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம், ஆகவே தொலைக்காதீர்கள். எம்.எம்.ஆர். போன்ற வேறு உயிருள்ள தடுப்பூசி தேவைப்பட்டால் ஒரே நாளில் போடுங்கள், இல்லையேல் 4 வாரம் இடைவெளி விடுங்கள். மெனிஞ்சோகாக்கல், டைஃபாய்டு, ஹெபடைடிஸ் ஏ, பி, ரேபிஸ் முன்தடுப்பு எல்லாவற்றையும் வரிசைப்படுத்தினால் ஒன்றரை மாதம் ஓடிவிடும்.

பி-சேஃப் என்ற பாதுகாப்புப் பயிற்சி ஆன்லைனில் இலவசம், இப்போதே முடித்துச் சான்றிதழை இறக்கி வையுங்கள்.

மட்டக்களப்பான் எழுதியது:

பென்டியுவில் லெவல் 1 என்றால் உங்களின் உண்மையான வேலை நோயாளரை அடுத்த நிலை வைத்தியசாலைக்கு அனுப்பிவைப்பதுதான். இதைப் பற்றி யாரும் எழுதாததால் எழுதுகிறேன். (தெற்கு சூடானில் இலங்கை இராணுவம் நடத்தும் லெவல் 2 வைத்தியசாலை இருக்கும் ஊரின் பெயரே போர். தமிழில் வாசிக்கப் பயமாக இருக்கும், ஊர்ப்பெயர்தான்.)

இரண்டு சொற்களைக் குழப்ப வேண்டாம். கேஸ்வாக் என்பது காயப்பட்ட இடத்திலிருந்து முதல் வைத்தியசாலைக்கு. மெட்வாக் என்பது ஒரு வைத்தியசாலையிலிருந்து அடுத்ததற்கு. முன்னையது கடிகாரத்துக்கு எதிரான ஓட்டம், பின்னையதற்கு ஒப்புதலும் படிவமும் விமானப் பிரிவின் திட்டமிடலும் தேவை. வானொலியில் தகவல் கொடுக்கும்போது ஏ.டி.-மிஸ்ட் ஒழுங்கில் சொல்லுங்கள்: வயது, நேரம், எப்படிக் காயம், என்ன காயம், நாடித்துடிப்பும் குருதி அழுத்தமும், கொடுத்த சிகிச்சை.

அதிகம் பிழை விடும் இடம் ஒட்சிசன். கணக்கு மிகச் சுலபம்: நிமிடத்துக்கு எத்தனை லீற்றர், மொத்த நேரம் எத்தனை நிமிடம், பெருக்கி அதை இரட்டியுங்கள். பறக்கும் நேரத்தை மட்டும் எடுப்பதுதான் தவறு. கட்டிலிலிருந்து மறுகட்டில் வரை எடுக்க வேண்டும், ஓடுபாதையில் காத்திருப்பதும் சேர்த்து. 6 லீற்றர், 3 மணித்தியாலம்: 1,080 லீற்றர். இரட்டித்தால் 2,160. 680 லீற்றர் சிலிண்டர் என்றால் 4 வேண்டும். சிலிண்டர் ஆபத்தான சரக்கு என்பதால் விமானப் பிரிவுக்கு முன்கூட்டியே எண்ணிக்கை சொல்லாவிட்டால் ஏற்ற மாட்டார்கள். விமானி மறுப்பதில் பிழையில்லை.

ஹெலிகொப்டருக்குள் காற்றழுத்தம் காக்கப்படாது. 8,000 அடியில் அடைபட்ட காற்று மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விரியும். சிறிய நியூமோதொராக்ஸ்தானே (நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைபடுவது) என்று மார்புக் குழாய் போடாமல் ஏற்றினால் மேலே போனதும் பெரிதாகும். சுவாசக் குழாயின் கஃப் (காற்று நிரப்பிய வளையம்) அழுத்தத்தை ஏறியதும் இறங்கும்போதும் பாருங்கள். சத்தத்தில் ஸ்டெதஸ்கோப் பயன்படாது, அதிர்வில் தானியங்கி பி.பி. கருவி உளறும். பழகிய விரலால் நாடி பிடிப்பதும் மார்பு அசைவதைப் பார்ப்பதும்தான் மிஞ்சும். கொழுவித் தொங்கவிட்ட சேலைன் ஒழுங்காக ஓடாது, அழுத்தப் பையோ பம்போ வேண்டும். கனுலா (நரம்பில் ஏற்றும் ஊசிக்குழாய்) இரண்டு போடுங்கள், ஒன்று கட்டாயம் கழரும்.

மே முதல் ஒக்டோபர் வரை மழை. மண் ஓடுபாதை நனைந்தால் சக்கரம் புதையும், விமானம் வராது. ஆகவே இருள முன்னரும் மழைக்கு முன்னரும் முடிவெடுப்பதுதான் வைத்தியம். "இன்னும் ஒரு மணித்தியாலம் பார்ப்போம்" என்பது பென்டியுவில் "நாளை வரை பார்ப்போம்" என்பதாக முடியும்.

கரிசல் எழுதியது:

அது கரிசல் மண்தான் மட்டக்களப்பாரே, கோவில்பட்டிப் பக்கம் மழையில் பைக் ஓட்டியவர்களுக்குப் புரியும். 2021-லிருந்து பென்டியுவைச் சுற்றி வெள்ளம் வேறு. ஐ.நா. வளாகத்தையும் ஓடுபாதையையும் மண்கரை கட்டித்தான் காக்கிறார்கள்.

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, முதல் பதிலிலேயே என் எண்ணம் மாறிவிட்டது. ஆனாலும் விண்ணப்பிக்கப் போகிறேன். இரண்டு சந்தேகம். மலேரியாவும் பாம்புக்கடியும் நமக்குப் பழகியவைதானே, தனியாகப் படிக்க வேண்டுமா? இன்னொன்று, ஒருவர் வாட்ஸ்அப்பில் "விசா கட்டணம் கட்டினால் இடம் உறுதி" என்கிறார்.

இனிஷியல் எழுதியது:

பிளாக் செய்யுங்கள். விண்ணப்பம், நேர்காணல், பயிற்சி, எந்தக் கட்டத்திலும் ஐ.நா. காசு வாங்குவதில்லை. தன்னார்வலருக்கு வருவது சம்பளம் அல்ல, மாத வாழ்க்கைப்படி. ஊருக்கு ஊர் மாறும், தளத்திலேயே கணக்கிட்டுப் பார்க்கலாம். 2025-இல் நிதி நெருக்கடியால் மிஷன்கள் ஆட்குறைப்பில் இறங்கின. ஆகவே ஒப்பந்தம் கைக்கு வரும்வரை இருக்கும் வேலைக்கு ராஜினாமா எழுதாதீர்கள்.

கரிசல் எழுதியது:

இரண்டுமே பழகியவை இல்லை.

மலேரியா: அங்கே பெரும்பாலும் ஃபால்சிபாரம், குளோரோகுயின் எடுபடாது. நம்ம ஊர்க்காரர்களுக்கு எதிர்ப்புசக்தி இருக்கிறது என்ற நம்பிக்கையை விமானத்திலேயே விட்டுவிடுங்கள். தடுப்பு மருந்தை நீங்களும் சாப்பிட வேண்டும்: டாக்ஸிசைக்ளின் தினம் 100 மி.கி., ஊர் திரும்பி 4 வாரம் வரை, அல்லது அட்டோவகோன்-ப்ரோகுவானில், திரும்பி 7 நாள் வரை. டாக்ஸிசைக்ளினைப் படுக்கப் போகும்போது ஒரு வாய் தண்ணீரோடு விழுங்கினால் உணவுக்குழாய் புண்ணாகும்.

கடுமையான மலேரியாவுக்கு ஆர்டிசுனேட் ஊசி, பெரியவர்களுக்குக் கிலோவுக்கு 2.4 மி.கி., 0, 12, 24 மணி, பிறகு தினம் ஒன்று. 60 மி.கி. தூளில் 1 மி.லி. பைகார்பனேட் விட்டுத் தெளியும்வரை குலுக்கி, அதன்பின் 5 மி.லி. சேலைன். மி.லி.க்கு 10 மி.கி. கிடைக்கும். கலங்கலாகவே இருந்தால் கொட்டிவிடுங்கள். 70 கிலோவுக்கு 168 மி.கி., அதாவது 3 குப்பி. கலக்கியதை 1 மணி நேரத்துக்குள் போட வேண்டும். குறைந்தது 24 மணி நேரம் ஊசி, வாய்வழி சாப்பிட முடிந்ததும் 3 நாள் ஏ.சி.டி. (ஆர்டிமிசினின் கலந்த கூட்டு மாத்திரை). அதோடு கேஸை மூடிவிடாதீர்கள்: அடுத்த 4 வாரம் வாராவாரம் ஹீமோகுளோபின் பாருங்கள், தாமதமாகச் சிவப்பணு உடைவது உண்டு. குணமான பிறகும் எச்.ஆர்.பி.-2 (மலேரியாக் கிருமியின் புரதம்) வகை ரேபிட் கிட் பல வாரம் பாசிட்டிவ் காட்டும். அதே ஆளுக்கு மறுபடி காய்ச்சல் என்றால் மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் ரத்த ஸ்லைடுதான் தீர்ப்பு. ஸ்லைடு சுத்தம், காய்ச்சல் வாரக்கணக்கில், மண்ணீரல் பெரிது என்றால் காலா-அசாரை (மணல் ஈ பரப்பும் ஒட்டுண்ணிக் காய்ச்சல்) யோசியுங்கள்.

பாம்பு: நாம் கையில் எடுத்துப் பழகிய ஏ.எஸ்.வி. (பாம்பு விஷமுறிவு மருந்து), நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நம்ம ஊர் நாலுக்கு. ஆப்பிரிக்காவின் பஃப் ஆடர், மாம்பா, விஷம் துப்பும் நாகம் எதற்கும் அது பயனில்லை. அங்குள்ள சுருட்டை விரியனுக்கும்கூட நம்ம ஊர்ச் சுருட்டைக்கு எதிரான மருந்து சரியாக வேலை செய்யாது. கானாவில் விலை குறைவு என்று இந்திய வகைக்கு மாறியபோது இறப்பு பல மடங்கு கூடியது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. கண்ணில் துப்பிவிட்டால் ஏ.எஸ்.வி. வேண்டாம், தாராளமாகத் தண்ணீர் விட்டுக் கழுவுவதுதான் சிகிச்சை.

20 நிமிட ரத்த உறைவுச் சோதனை மட்டும் அப்படியே செல்லும்: சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மி.லி., அசைக்காமல் 20 நிமிடம், ஒரே ஒரு முறை சாய்க்கவும். பிளாஸ்டிக் குழாயோ சோப்புப் போட்டுக் கழுவிய குழாயோ என்றால் நல்ல ரத்தமும் உறையாது. கிளினிக்கில் கண்ணாடிக் குழாய் இருக்கிறதா என்று முதல் நாளே தேடுங்கள், பெரும்பாலும் பிளாஸ்டிக்தான் இருக்கும்.

அதே நாளில் குளிர்பெட்டியையும் திறந்து விஷமுறிவு மருந்தின் லேபிளைப் படியுங்கள். எந்தெந்தப் பாம்பினத்துக்கு என்று லத்தீன் பெயர் இருக்கும். அதில் ஆப்பிரிக்க இனம் ஒன்றும் இல்லையென்றால் மாற்றுக்கு அன்றே மெயில் போட்டுவிடுங்கள், சரக்கு வந்து சேர மாதக்கணக்காகும்.