கம்பிக் காலணி பற்றித் தெரிந்த பினாங்கு பெற்றோர்கள் உதவுங்கள்

வணக்கம் அக்கா, அண்ணன்மார்களே. பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். மகனுக்குப் பிறவியிலேயே இரண்டு பாதமும் உள்பக்கம் வளைந்த கிளப்ஃபுட். பொன்செட்டி முறையில் வாராவாரம் மாவுக்கட்டு மாற்றி, குதிகால் தசைநாணில் சின்ன வெட்டும் போட்டாயிற்று. பாதம் அழகாக நிமிர்ந்துவிட்டது!

இனி இரண்டு காலணியையும் ஒரு கம்பியால் இணைத்துப் பூட்டிய காலணி. முதல் 3 மாதம் நாளுக்கு 23 மணி நேரம், பிறகு 4, 5 வயது வரை தூங்கும்போது மட்டும். விட்டுவிட்டால் பாதம் மறுபடி வளைந்துவிடும், அதுதான் பயம்.

பிள்ளைக்குச் சிறிதாகிப்போன காலணி யாரிடமாவது இருந்தால் வாங்கிக்கொள்கிறோம். அளவை டாக்டரிடம் காட்டித்தான் போடுவோம். இந்த வெக்கையில் குதிகால் புண்ணாகாமல் எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள்? காலணியே வேண்டாம், பாதத்தை எண்ணெய் போட்டு நீவினால் போதும் என்கிறார் பாட்டி. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு எப்படி எடுத்துச் சொன்னீர்கள்?