புதுப்பிப்பு: பன்னிரண்டில் ஏழு

மாதம் ஒரு துணிப்படைப்பு, இயற்கைச் சாயம் மட்டும் என்று ஜனவரியில் எழுதியிருந்தேன். வருடம் முடிந்தது, முடித்தவை 7. மஞ்சளில் தோய்த்த முதல் துணி ஜன்னலோரம் தொங்கியே வெளிறிவிட்டது. மஞ்சள் வெயிலுக்கு நிற்காது என்று சிலர் அப்போதே சொன்னீர்கள், சரிதான். அப்புறம் பருத்தியைக் கடுக்காய் நீரில் ஊறவைத்து, சாயம் பிடிக்கப் படிகாரம் ஏற்றி, சிவப்புச் சாயம் தரும் மஞ்சிட்டி வேரில் போட்டேன். அந்தச் சிவப்பு இன்னும் அப்படியே இருக்கிறது.

ஆனால் என்னை இழுத்துக்கொண்டது நீலச் சாயம் தரும் அவுரிச் செடிதான். சாயத்தொட்டியிலிருந்து துணியை எடுக்கும்போது பச்சை. காற்றுப் பட்டதும் கண்முன்னே நீலம்! ஒரே முக்கில் அடர்நீலம் வராது, திரும்பத் திரும்ப முக்கி எடுக்க வேண்டும். நான்கு மாதம் இதிலேயே போனது, வருத்தமில்லை.

எட்டாவது, ஒரு எம்பிராய்டரி, பாதியில் நிற்கிறது. அதன் பின்பக்கம் முன்பக்கத்தைவிட நன்றாக இருப்பதால் திருப்பிப் போட்டுத் தொடரப் போகிறேன்.