பந்து பட்டதும் மகனுக்குக் கை சுரீரென்கிறது: மட்டையா, பிடியா?

கேள்வி: நியூ ஜெர்சியில் லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பால் ஆடுகிறான் என் மகன். வயது 11. சென்ற பருவத்தில் 28 அங்குலம், 18 அவுன்ஸ் அலுமினிய மட்டை. இப்போது 30 அங்குலம், 22 அவுன்ஸ். பந்து முன்பு போன தூரம் போவதில்லை. மட்டையை மேலே பிடிக்கும் கையின் கட்டைவிரல் அடியில் சுரீரென்று வலிக்கிறது என்கிறான். "இறுக்கிப் பிடி" என்கிறார் பயிற்சியாளர். பிடித்தும் பயனில்லை. எங்கே கோளாறு?

பதில் 1: பிடியைப் பற்றிய கவலையை விடுங்கள். பந்து மட்டையைத் தொட்டிருப்பது ஏறக்குறைய ஒரு மில்லி விநாடிதான். அதிர்வு கைக்குப் போய்த் திரும்புவதற்குள் பந்து கிளம்பிவிடும். இல்லினாய் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஆலன் நேதன் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். பந்து எங்கே படுகிறது என்பதுதான் முக்கியம். நுனியிலிருந்து 5 முதல் 7 அங்குலத்துக்குள் பட்டால் அதிர்வு மிகக் குறைவு. அங்கிருந்து விலகினால் மட்டை வளைந்து துடிக்கும். பந்துக்குச் சேரவேண்டிய ஆற்றல் அதில் போய்விடும். வலிக்கும் தூரக்குறைவுக்கும் காரணம் ஒன்றே.

கைப்பிடியின் அடியிலுள்ள குமிழுக்கு 6 அங்குலம் மேலே இரண்டு விரல்களால் லேசாகப் பிடித்து மட்டையைத் தொங்கவிடுங்கள். நுனியிலிருந்து பந்தால் தட்டிக்கொண்டே வாருங்கள். விரலில் அதிர்வு அடங்கும் இடத்தில் நாடா ஒட்டுங்கள். பிறகு சாக்பீஸ் தூளைப் பூசி அடிக்கச் சொல்லிப் பாருங்கள்.

கேட்டவர்: செய்து பார்த்தோம். தடமெல்லாம் நாடாவைத் தாண்டிக் கைப்பிடிப் பக்கமாகவே விழுகிறது. ஏன்?

பதில் 2: பெரும்பாலும் சுழற்சி பிந்துவதால்தான். கூடியது 4 அவுன்ஸ்தானே என்று நினைக்காதீர்கள், நீளமும் கூடியிருக்கிறது. எடை கையிலிருந்து இரண்டு மடங்கு தள்ளிப் போனால், சுழற்றத் தடை நான்கு மடங்காகும். பள்ளியில் படித்த நிலைமத் திருப்புத்திறன் இதுதான்.

மர மட்டைக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: எறிவேகத்தில் 0.2 பங்கையும் மட்டை வேகத்தின் 1.2 மடங்கையும் கூட்டினால் பந்து திரும்பும் வேகம். இரண்டும் மணிக்கு 50 மைல் என்றால் 70 மைல். மட்டை 45க்கு இறங்கினால் 64தான். கனமான மட்டை அந்த 0.2ஐச் சற்று உயர்த்தும், உண்மைதான். சிறுவன் கையில் அந்த லாபத்தை வேக இழப்பு விழுங்கிவிடும்.

எடை கைக்கு அருகில் வர, குமிழிலிருந்து ஓர் அங்குலம் மேலேற்றிப் பிடிக்கட்டும்.

கேட்டவர்: நன்றி ஐயா. அப்படிப் பிடித்தால் நண்பர்கள் கேலி செய்வார்கள் என்று தயங்குகிறான்.

பதில் 2: 2001இல் ஒரே பருவத்தில் 73 ஹோம் ரன் (பெரும்பாலும் பந்தை மைதான வேலிக்கு அப்பால் அடித்து எடுக்கும் ஓட்டம்) அடித்த அமெரிக்க பேஸ்பால் வீரர் பாரி பாண்ட்ஸ் அப்படித்தான் பிடித்தார். காணொளியைக் காட்டுங்கள்.