சமையலறைக் கூத்தைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் புத்தகம் இருந்தால் சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. ஜூலி பவல் எழுதிய 'ஜூலி அண்ட் ஜூலியா' (2005) படித்து முடித்தேன். நியூயார்க்கில் அலுவலக வேலையில் சலித்துப்போன ஜூலி, ஜூலியா சைல்டும் இரண்டு தோழிகளும் சேர்ந்து எழுதி 1961-இல் வெளிவந்த பிரெஞ்சுச் சமையல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள 524 குறிப்புகளையும் ஒரே வருடத்தில் செய்து முடிப்பேன் என்று கிளம்புகிறார். அந்நகரின் குவீன்ஸ் பகுதியில் சின்ன அடுக்ககம், அதற்கேற்ற சமையலறை.

உயிருள்ள சிங்கி இறாலைக் கொல்லத் தயங்கித் தவிக்கும் பகுதியைப் பேருந்தில் படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தேன், பக்கத்து அம்மா ஒரு மாதிரி பார்த்தார். கன்றுக்காலை வேகவைத்து ஜெல்லி எடுக்கும் கூத்து, எலும்புக்குள்ளிருந்து மஜ்ஜையைத் தோண்டும் போராட்டம்... அவர் திட்டும் திட்டுதான் புத்தகத்தின் உயிர். 2009-இல் வந்த படத்தில் மெரில் ஸ்ட்ரீப் அருமைதான், ஆனால் ஜூலியின் அந்த வாய்த்துடுக்கைப் படத்தில் நிறையவே சாதுவாக்கிவிட்டார்கள்.

இதே மாதிரி வேறு என்ன படிக்கலாம்? தமிழில் இருந்தால் ரொம்ப சந்தோஷம். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' முழுவதையும் வரிசையாகச் செய்து பார்த்து, வீட்டார் பட்ட பாட்டை யாராவது எழுதியிருக்கிறார்களா? குறிப்புகள் மட்டும் உள்ள புத்தகம் வேண்டாம், வீட்டில் நிறையவே கிடக்கிறது. சமைக்கிறவரின் புலம்பல் வேண்டும். ஆங்கிலமானாலும் பரவாயில்லை.